பட்டன் இருக்கிறது, உயிர் இருக்கிறதா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் டயர் மாற்றக் கடைக்குப் போனால், பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கும். எந்தக் கம்பெனி? எவ்வளவு அகலம் வரை போடலாம்? இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. இந்த டயர் எப்போது செய்தது? இந்தக் காரை வடிவமைத்தவர் எப்படிப்பட்ட டயரை மனத்தில் வைத்து வடிவமைத்தார்? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் கம்பெனியும் அகலமும் தாமாகவே முடிவாகிவிடும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு காரைப் பிடித்துக்கொள்வோம். சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ என்ற காரைத் தயாரித்தது. பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே கவிழ்ந்து திறக்கும். அறுபதுகளின் தமிழ்நாட்டுச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது குடும்பக் கார். இங்கிலாந்தில் ட்ரையம்ப் நிறுவனம் அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை 1962-ல் வெளியிட்டது. பெயர் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. ஸ்பிட்ஃபயர் 1980 வரை உற்பத்தியில் இருந்தது. ஆரம்பகால வண்டியின் எடை ஏறத்தாழ 700 கிலோதான்.

அப்படி ஒரு ஸ்பிட்ஃபயரோ, நன்றாகப் பராமரித்த ஒரு ஹெரால்டோ ராஜபாளையத்தில் ஒரு ஷெட்டில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சோழபுரம் வழியாகத் தென்காசிச் சாலையில் ஓர் ஓட்டம். இன்னொரு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆசை மிகுந்தால் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதை. மற்ற நாளெல்லாம் உறை போர்த்திய உறக்கம். வண்டி நிற்பதும் பெரும்பாலும் ஓடுவதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம். சித்திரை, வைகாசியில் தார்ச்சாலை கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது அதே சாலையில் தண்ணீர் நிற்கும். இந்தக் காருக்கு, இந்தச் சாலைக்கு எந்த டயர்?

உள்ளங்கை அளவு நிலம்

கார் எவ்வளவு பெரியதானாலும் அது பூமியைத் தொடுவது நான்கு சிறு பரப்புகளில் மட்டுமே. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பிட்ஃபயர் 700 கிலோ, ஆள் இரண்டு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 840 கிலோ என்று வைத்தால், ஒரு சக்கரத்துக்கு 210 கிலோ. டயருக்குள் காற்றழுத்தம் 28 பிஎஸ்ஐ என்றால், அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. 210-ஐ 2-ஆல் வகுத்தால் 105 சதுர சென்டிமீட்டர். ஏறத்தாழ ஓர் உள்ளங்கை. பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் பாரம் தாங்கும் என்பதால் உண்மையான அளவு சற்று மாறும். ஆனாலும் கணக்கு பெரிதாகத் தப்பாது. வேகமெடுப்பது, திரும்புவது, பிரேக் பிடிப்பது எல்லாம் இந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தொடும் பரப்பை முதலில் தீர்மானிப்பது எடையும் காற்றழுத்தமும். அதே அழுத்தத்தில் அகலமான டயரைப் போட்டால் பரப்பு அவ்வளவாகக் கூடாது. அதன் வடிவம் மாறும். ஒடுக்கமான டயர் சாலையில் நீளவாக்கில் ஒரு தடம் வைக்கும். அகலமான டயர் குறுக்குவாக்கில் வைக்கும். குறுக்கே அகன்ற தடம் வளைவில் திரும்பும்போது உதவும் என்பது உண்மை. பந்தயக் கார்களுக்கு அகலமான டயர் இருப்பது அதனால்தான். ஆனால் அந்த உதவிக்கு ஒரு விலை உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

ரப்பர் சாலையைப் பிடிப்பதும் பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதிப்படி அல்ல. இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒன்று, ரப்பர் மூலக்கூறுகள் சாலைப் பரப்போடு கணநேரம் ஒட்டிப் பிரிவது. இரண்டாவது, மென்மையான ரப்பர் ஜல்லியின் மேடுபள்ளங்களில் அமுங்கி, பழைய வடிவத்துக்குத் திரும்பத் தாமதிப்பது. அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. அதுவே வழுக்கலைத் தடுக்கிறது. சாலை நனைந்திருக்கும்போது முதல் வேலை பெருமளவு நின்றுபோகும், இரண்டாவதுதான் காப்பாற்றும். ரப்பர் இறுகிவிட்டால் அந்த இரண்டாவதும் போய்விடும். வெயிலில் நன்றாக ஓடிய பழைய டயர் முதல் மழையில் காலை வாருவதன் காரணம் இதுதான்.

பருத்தியிலிருந்து எஃகுக்கு

டயர் என்றால் ரப்பர் என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் எலும்புக்கூடு நூல். 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து கணக்கெடுத்தால் பல தலைமுறைகளாக நூலோடு வாழும் ஊருக்கு இதை விளக்குவது எளிது. ஆரம்ப காலத்து டயர்களுக்குள் பருத்தித் துணி இருந்தது. பாவும் ஊடையுமாக நெய்த துணி, சக்கரம் சுற்றச் சுற்ற நூலோடு நூல் உரசி அறுந்தது. அதனால் ஊடையை நீக்கி, ஒரே திசையில் இழைகளை அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் ரப்பர் பூசினார்கள். பருத்திக்குப் பின் ரேயான் வந்தது. அதற்குப் பின் நைலானும் பாலியெஸ்டரும். சென்னை மணலியிலும் விராலிமலையிலும் எஸ்ஆர்எஃப் நிறுவனம் செய்யும் நைலான் இழை இந்த வரிசையில் வந்ததுதான்.

இழைகளை எப்படி அடுக்குவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஓர் அடுக்கு இடப்பக்கம் சாய்ந்தும், அடுத்தது வலப்பக்கம் சாய்ந்தும் குறுக்குமறுக்காகப் போவது கிராஸ்ப்ளை. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக இழைகளை ஓடவிட்டு, மேலே எஃகுப் பட்டை சுற்றுவது ரேடியல். ரேடியலுக்கு 1946-ல் காப்புரிமை பெற்றது பிரான்ஸின் மிஷலின். இந்தியாவில் கார்களுக்கான ரேடியலை 1977-ல் கொண்டுவந்தது ஜேகே டயர்.

முதல் ஸ்பிட்ஃபயர்கள் 5.20-13 என்ற கிராஸ்ப்ளை டயரோடு வந்தன. பிறகு 145 ஆர் 13 ரேடியல். கடைசி ஸ்பிட்ஃபயர் 1500-ல் 155 ஆர் 13. இந்த வரலாறு டயர் வாங்குபவருக்கு ஏன் தேவை என்றால், இரண்டு வகைக்கும் குணம் வேறு. கிராஸ்ப்ளை வளைவில் மெல்ல மெல்ல நழுவும். ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று ஓட்டுபவருக்கு முன்கூட்டியே சொல்லும். ரேடியல் அதிகமாகப் பிடிக்கும், ஆனால் விடும்போது சற்றுச் சட்டென்று விடும். ஒரு காரில் இரண்டையும் கலக்கக் கூடாது. முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்ப்ளையும் போட்டால், முன்பக்கம் பிடித்துத் திரும்பும்போது பின்பக்கம் வெளியே ஓடி, வண்டி சுழன்றுவிடும்.

அருங்காட்சியக நேர்த்திக்காக அசல் கிராஸ்ப்ளையே வேண்டும் என்று இருப்பவர்கள் உண்டு. கண்காட்சிக்கு மட்டும் போகும் வண்டி என்றால் சரி. லாரியும் பஸ்ஸும் டிராக்டரும் போகும் தென்காசிச் சாலையில், திடீர் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில், ரேடியலே நல்லது. ஸ்பிட்ஃபயரைச் செய்தவர்களே பின்னாளில் ரேடியலுக்கு மாறியவர்கள்தான்.

அகலத்தின் விலை

‘165 போடுங்க சார், 175கூட உட்காரும், ரோட்டுல நல்லா நிக்கும்’ என்று கடையில் யாராவது சொல்வார்கள். ஹெரால்டுக்கும் முற்கால ஸ்பிட்ஃபயருக்கும் இந்த அறிவுரை ஆபத்தாக முடியலாம். காரணம் பின்சக்கரங்களின் அமைப்பு.

இந்தக் கார்களில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தன் ஆக்ஸில் தண்டோடு சேர்ந்து, நடுவில் உள்ள டிஃபரன்ஷியலைக் கீலாகக் கொண்டு மேலும் கீழும் ஆடும். இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கப் பின்சக்கரத்தில் பக்கவாட்டு விசை ஏறும். அந்த விசை ஓர் அளவைத் தாண்டினால் ஆக்ஸிலை நெம்புகோலாக்கி வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கும். பின்பக்கம் எழுந்ததும் சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே மடங்கும். டயர் தன் முழு முகத்தையும் சாலையில் வைக்காமல் ஓர் ஓரத்தில் நிற்கும். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். பின்பக்கம் மேலும் எழும், வண்டி சுழலும்.

பக்கவாட்டு விசையைத் தருவது எது? டயரின் பிடிப்புதான். ஒடுக்கமான டயர் அந்த ஆபத்தான அளவை எட்டும் முன்பே மெல்ல நழுவத் தொடங்கி ஓட்டுபவரை எச்சரிக்கும். அகலமான, ஒட்டும் குணமுள்ள டயர் கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்று, சக்கரத்தை மடக்கிவிடும். ஆக, இங்கே பிடிப்பு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. ட்ரையம்ப் நிறுவனம் 1970-ல் வந்த நான்காம் மார்க் ஸ்பிட்ஃபயரில் பின் ஸ்பிரிங்கை மாற்றி இந்தக் குறையைப் பெருமளவு தணித்தது. சென்னையிலோ, 1972-ல் ஹெரால்டுக்குப் பின் வந்த ‘ஸ்டாண்டர்ட் கெஸல்’ காரில் ஸ்விங் ஆக்ஸிலையே விட்டுவிட்டு, ஒரே தண்டான ஆக்ஸில் போட்டார்கள். எனவே டயர் வாங்கும் முன் வண்டியின் அடியில் குனிந்து, எந்த ஆக்ஸில் இருக்கிறது என்று பார்ப்பது நேர விரயமல்ல.

அகலத்துக்கு இன்னும் சில விலைகள் உண்டு. முற்கால ஸ்பிட்ஃபயரின் ரிம் அகலம் மூன்றரை அங்குலம். 175 டயர் அதில் ஒழுங்காக உட்காராது. பக்கச்சுவர் உப்பி, திருப்பும்போது தளும்பும். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் அகல டயர் போட்டால், ஊருக்குள் வண்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்துவதற்குள் தோள் வலி எடுத்துவிடும். வீல் பேரிங்கும் ஸ்டீயரிங் இணைப்புகளும் தாங்கள் எதிர்பாராத பாரத்தைச் சுமந்து சீக்கிரம் தேயும்.

பிறகு மழை. தேங்கிய நீரில் வேகமாகப் போனால் ஓர் எல்லையில் டயர் சாலையை விட்டெழுந்து நீர்மேல் மிதக்கத் தொடங்கும். 1960-களில் விமானச் சக்கரங்களை ஆராய்ந்த அமெரிக்காவின் நாசா இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தது. பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் மிதக்கும் வேகம் மைலில் கிடைக்கும். 30 பிஎஸ்ஐ என்றால் மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டர். 24 பிஎஸ்ஐ என்றால் 82 கிலோமீட்டர். பட்டன், அதாவது டயர் முகத்திலுள்ள வரிப்பள்ளம், ஆழமாக இருந்தால் நீர் வடிந்து இந்த எல்லை உயரும். அகலமான டயர் தன் முன்னால் கூடுதல் நீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் எல்லை இறங்கும். எடை குறைந்த பழைய காரில் அழுத்தமும் குறைவாகத்தான் வைப்பார்கள் என்பதால், கார்த்திகை மழையில் அது நவீன கார்களுக்கு முன்பே மிதக்கும். அந்தக் காருக்கு அகல டயரையும் கொடுப்பது இரட்டைத் தவறு.

சுவரில் எழுதியிருப்பது

டயரின் பக்கச்சுவரில் வாங்குபவருக்கு வேண்டிய தகவல் எல்லாம் அச்சாகியிருக்கிறது. 145/80 ஆர் 13 75 டி என்று இருந்தால்: அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 80 சதவீதம், ரேடியல், ரிம் 13 அங்குலம், 75 என்ற சுமைக் குறியீடு ஒரு டயருக்கு 387 கிலோ, டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும் என்ற உறுதி. எஸ் என்றால் 180, எச் என்றால் 210, வி என்றால் 240. பழைய டயர்களில் 145 ஆர் 13 என்று மட்டும் இருக்கும். நடுவில் எண் இல்லாவிட்டால் பக்கச்சுவர் 80 சதவீதத்தை ஒட்டியது என்று பொருள்.

இங்கேதான் ஸ்பிட்ஃபயர்காரருக்கு ஒரு நல்ல செய்தி. 145/80 ஆர் 13 என்பது மாருதி வேகன் ஆர் பல ஆண்டுகள் ஓடிய அளவு. இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காருக்கான டயர் ராஜபாளையத்திலேயே கிடைக்கக்கூடும்! நான்கு டயரும் சேர்ந்து 1,548 கிலோ தாங்கும். வண்டியின் எடையோ இரண்டு பேரோடும் ஆயிரம் கிலோவைத் தொடாது. ஸ்பிட்ஃபயர் 1500-ன் உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரை ஒட்டியது. எஸ் குறியீடே போதும். வேன்களுக்கென்று விற்கும் 155 ஆர் 13 எல்டி டயரும் ரிம்மில் உட்காரும். ஆனால் அது சரக்குச் சுமைக்காக விறைப்பாகச் செய்தது. இலேசான காரில் போட்டால் குலுங்கும், மழையில் பிடிப்பும் குறையும். அளவு பொருந்துவதால் மட்டும் டயர் பொருந்திவிடாது.

தொண்ணூறுகளின் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நிலைமை வேறு. முதல் தலைமுறை மாஸ்தா எம்எக்ஸ்-5 வந்தது 185/60 ஆர் 14 டயரோடு. 15 அங்குல ரிம்முக்கு மாற விரும்பும் உரிமையாளர்கள் உலகெங்கும் 195/50 ஆர் 15 போடுகிறார்கள். கணக்குப் போட்டால் காரணம் தெரியும். முதல் டயரின் மொத்த விட்டம் 578 மில்லிமீட்டர், இரண்டாவது 576. விட்டம் மாறாததால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் விகிதமும் கெடாது. எந்தக் காருக்கும் இந்தக் கணக்கை வீட்டிலேயே போடலாம். அகலத்தைப் பக்கச்சுவர்ச் சதவீதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். பழைய விட்டத்திலிருந்து இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் விலகினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். போர்ஷ 911-ன் பல தலைமுறைகளில் பின்டயர் முன்டயரைவிட அகலம். எஞ்சின் பின்னால் இருப்பதால் எடையும் பின்னால். அதற்கேற்ற ஏற்பாடு அது. அத்தகைய காரில் நான்கையும் ஒரே அளவாக்கினால் அந்தச் சமன்பாடு குலைந்துவிடும்.

பந்தயப் பெயர் பொறித்த டயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சோழவரம் விமானத்தளத்தில் தொடங்கி, 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் நடக்கும் பந்தயங்கள் தமிழ்நாட்டில் வேகப் பித்தை வளர்த்தன. அந்தத் தளங்களுக்கான ரப்பர் கலவை நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். பால் வாங்கப் போகும் வேகத்தில் அது சூடாகாது. தேய்மானமோ மிக அதிகம்.

ஓடாமலே கிழடாவது

இப்போது ‘இந்த டயர் எப்போது செய்தது?’ என்ற கேள்விக்கு வருவோம். பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்று எண்கள் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த நிமிடமே கழற்ற வேண்டியது.

தினமும் ஓடும் காரில் பட்டன் தேய்ந்து டயர் முடியும். ஞாயிற்றுக்கிழமைக் காரில் பட்டன் தேயாது, ரப்பர் முடிந்துபோகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் தாக்கி, அவற்றுக்கு இடையே புதுப் பிணைப்புகளை ஏற்படுத்துகிறது. ரப்பர் இறுகுகிறது, உள்ளே எஃகுப் பட்டைகளுக்கு இடையிலுள்ள ஒட்டு பலவீனமாகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இப்படிப்பட்ட வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலாரின் கைக்கணக்கு. விருதுநகர் மாவட்டத்து வெயிலில், தகரக் கூரை ஷெட்டில் நிற்கும் டயரின் ஒரு வருடத்தைக் குளிர்நாட்டு ஒரு வருடத்தோடு ஒப்பிட முடியாது.

ஓசோன் இன்னொரு எதிரி. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரை அது கத்தியாகக் கீறும். பக்கச்சுவரில் கோடு கோடாக வெடிப்பு விழும். இதைத் தடுக்கத்தான் ரப்பரில் மெழுகும் சில வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். டயர் சுழன்று நெளியும்போது அந்த மெழுகு மேலே கசிந்து கவசமாகப் படரும். நின்றே கிடக்கும் டயரில் நெளிவும் இல்லை, புதுக் கவசமும் இல்லை. ‘ஓடவே இல்லை, அப்படியே புதுசு’ என்று பெருமையாகச் சொல்லப்படும் டயர் பல சமயம் ஓடியதைவிடக் கிழடாக இருப்பது இதனால்தான்.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2007-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது. டெக்ஸாஸ், கலிஃபோர்னியா, லூசியானா, ஃப்ளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெப்ப மாநிலங்களில் இருந்தவர்கள் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 27 சதவீதம் மட்டுமே. டயர் கோளாறுக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ 77 சதவீதம் அங்கிருந்து வந்தவை. அவற்றிலும் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள். வெப்பமும் வயதும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படங்களின் நடிகர் பால் வாக்கர், 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு போர்ஷ கரேரா ஜிடி விபத்தில் இறந்தார். ஓட்டியவர் நண்பர், அவரும் பிழைக்கவில்லை. மணிக்கு 45 மைல் வரம்புள்ள சாலையில் வண்டி 80 முதல் 93 மைல் வேகத்தில் போனதுதான் காரணம் என்றது விசாரணை. அதே விசாரணை இன்னொன்றையும் பதிவு செய்தது: டயர்களுக்கு வயது ஒன்பது. விலை உயர்ந்த, அருமையாகப் போற்றப்பட்ட, அதிகம் ஓடாத ஸ்போர்ட்ஸ் கார்தான் அதுவும்.

பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டுகளில் டயரை மாற்றச் சொல்கின்றன. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுகளில் எப்படியிருந்தாலும் கழற்ற வேண்டும் என்பது மிஷலின் கூறும் வரம்பு. நம் ஊர் வெயிலுக்கு ஆறை ஒட்டியே நிற்பது விவேகம்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் தேதி. அதிகம் விற்காத அளவு என்றால் கடையில் பல வருடம் கிடந்திருக்க வாய்ப்பு உண்டு. நான்கு டயரின் எண்களையும் தனித்தனியே பாருங்கள். ஒரு வருடத்துக்குள் செய்ததாகக் கேளுங்கள். இரண்டு மூன்று வருடம் பழையதைத் தள்ளுபடியில் தந்தால், அந்தத் தள்ளுபடி உங்கள் டயரின் ஆயுளிலிருந்து கழித்துத் தரப்படுவதுதான்.

அடுத்து ஐஎஸ்ஐ முத்திரை. இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம், இறக்குமதி டயருக்கும்தான். 2020 ஜூன் முதல் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் வந்தது. ஆகவே வெளிநாட்டிலிருந்து ஒரு செட் வரவழைக்கலாம் என்பது முன்புபோல எளிதல்ல. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே ‘ஸ்பிரின்ட் கிளாசிக்’ என்ற டயரைச் செய்யும் நெதர்லாந்தின் விரெடஸ்டைன் நிறுவனத்தை 2009-ல் வாங்கியது நம் அப்போலோ டயர்ஸ். ஓரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனம் அது. பழைய அளவுகளை இங்கேயும் செய்தால் சேகரிப்பாளர்கள் வாழ்த்துவார்கள்.

ட்யூப் விஷயத்தில் கவனம் வேண்டும். கம்பி வீல் என்றால் கம்பி முடியும் துளைகள் வழியே காற்று கசியும், ட்யூப் அவசியம். பழைய தகட்டு ரிம்களிலும் ட்யூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு இருக்காது. அங்கும் ட்யூபே பாதுகாப்பு. ரேடியலுக்கான, சரியான அளவு ட்யூப் போடச் சொல்லுங்கள். ரீபட்டன் டயர் லாரிக்கு ஏற்றது. அதன் உடல் அதற்கென்றே செய்யப்பட்டது. ஸ்போர்ட்ஸ் காருக்கு வேண்டாம். செகண்ட்ஸ் டயரும் வேண்டாம்.

நான்கையும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக மாற்றுவதே முறை. இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், பிரேக் பிடித்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழலும்.

போட்ட பிறகு முதல் நூறு இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். வார்ப்பிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு அதற்குள் போய்விடும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். 30 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்த டயர் 60 டிகிரிக்குச் சூடானால் 34-ஐத் தாண்டும். அது இயல்பு, மதியம் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைந்து நிற்கும். வாரம் ஒரு முறையாவது வண்டியை எடுத்து சோழபுரம் வரை போய்த் திரும்புங்கள். ஒரே இடத்தில் நின்று தட்டையாவதும் தவிரும். மெழுகும் கசிந்து டயரைக் காக்கும்.

தீர்ப்பு இதுதான். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு, அதற்கு விதித்த அளவில், இந்த வருடம் செய்த சாதாரண ரேடியல் டயர், எட்டு வருடம் பழைய பெயர்பெற்ற அகல டயரைவிட எல்லா வகையிலும் மேல்.

கழற்றிய டயரையும் மறந்துவிடாதீர்கள். பட்டன் நிறைய இருப்பதால் அது நல்ல விலைக்குப் போகும். வாங்கியவர் அதைத் தன் குடும்பக் காரில் மாட்டி நான்கு வழிச்சாலையில் ஓட்டுவார். 2022 முதல் கழிவு டயரை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மீது சட்டம் சுமத்தியிருக்கிறது. ஆனால் செகண்ட்ஸ் சந்தைக்குப் போய்விட்ட டயரை அந்தச் சட்டத்தால் தேடிப் பிடிக்க முடியாது. வயது முடிந்த டயரின் பக்கச்சுவரை உங்கள் கண்முன்னே கத்தியால் கீறச் சொல்லிவிட்டுக் கடையை விட்டுக் கிளம்புங்கள்.